ஒட்டுப் போட்ட வரி

ஜனவரி 6, செவ்வாய்

இன்று ஒரு திருடனைக் காதால் பிடித்தேன்.

காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைச் சூடேற விட்டுவிட்டுப் போனை எடுத்தால், பழைய இசைத்தட்டுப் பைத்தியங்களின் ‘ஊசியும் தட்டும்’ வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல், மாலை, கும்பிடு. சென்னை வேதமூர்த்தி தன்னுடைய ‘தேனருவி’ யூடியூப் சேனலில் ‘படலோரம் நின்றிருந்தேன்’ பாட்டை ஏற்றியிருக்கிறார். எஸ். கே. அம்சவேணி பாடியது. தட்டு வெளிவந்தது, படம் வரவில்லை. அதனால் வெகுகாலம் தட்டு வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காமலிருந்த பாட்டு. ‘எனது நாற்பதாண்டுச் சேகரிப்பில் உள்ள சொந்த இசைத்தட்டிலிருந்து’ என்று கீழே போட்டிருக்கிறார். நடுநடுவே அவர் குரலிலேயே ‘தேனருவி... தேனருவி...’ என்று ஒரு முனகல் வேறு.

சொந்தத் தட்டாம்! அது என் தட்டு. துறையூர் மைக்செட்காரர் மகள் வளர்மதியின் தட்டு. அப்பா கல்யாண வீடுகளில் குழாய் கட்டிப் போட்டுப் போட்டுத் தேய்த்த தட்டு. பாத்திரம் கழுவும் சோப்பைப் பேட்டரித் தண்ணீரில் கலக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கொறகொறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, ஐந்து வருடத்துக்கு முன்னால் குழுவில் சும்மா கொடுத்தேன். அங்கே என் பெயர் ‘ஊசிமுனை’. எல்லாரும் சார் சார் என்பார்கள். நானும் திருத்தியதில்லை. சார் என்றால் மரியாதையாகப் பேசுகிறார்கள், அதை ஏன் கெடுப்பானேன். என் பதிவுகளின் கீழே எப்போதும் ஒரே வாசகம்தான்: ‘எதுவும் சேர்க்கவில்லை, எதுவும் நீக்கவில்லை.’ அந்த வாசகத்துக்காகவே என்னிடம் கேட்டு வாங்குகிறவர்கள் மலேசியாவில்கூட உண்டு.

என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும்? இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் என் தட்டில் ஊசி தாவும். தாவாமல் இருக்க அப்பா ஊசிக்கு மேலே நாலணாக் காசை வைத்து ஓட்டி ஓட்டி, அந்த இடமே உழுதுபோய்விட்டது. முதல் சரணத்தின் கடைசி வரியும் அதே மெட்டு, அதே வரி. அதை எடுத்து இங்கே ஒட்டினேன். ‘ஆடி போனது ஆவணி போனது, அவன் மட்டும் வரவில்லை.’ அதில் ‘ஆவணி’ மேலே சின்னதாக ஒரு ‘டப்’ கேட்கும். ஒட்டியதால் அந்த ‘டப்’ இரண்டு சரணத்திலும் அதே இடத்தில் வரும். தேனருவியிலும் வருகிறது.

ஒட்டியதைச் சேர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது. கிழிந்த சேலையை அதே சேலைத் துணியால் தைக்கிற மாதிரிதான் அது.

ஜனவரி 7, புதன்

குழுவில் கேட்டேவிட்டேன். ‘ஐயா, இது நான் பகிர்ந்த பதிவு. என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டது ஏன்?’

வேதமூர்த்தியின் பதில் சர்க்கரைப் பாகு. ‘அன்புச் சகோதரர் ஊசிமுனை அவர்களுக்கு, ஒரே தட்டு பலரிடம் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பாட்டு என்பது மக்கள் சொத்து, அதில் நீ நான் என்ற பேதம் எதற்கு?’ அதற்கு ஐம்பது பேர் கும்பிடு போட்டார்கள். குழு அட்மின் தணிகாசலம், ‘பெரியவரிடம் இப்படிப் பேச வேண்டாமே சார்’ என்று எனக்குத் தனியாகப் புத்தி சொல்கிறார்.

மக்கள் சொத்து என்றால் நடுவில் ‘தேனருவி’ என்று ஏன் முனகுகிறான்? மக்கள் என்ன இவன் பெயரையா கேட்டார்கள்?

டெப்போவிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அருணகிரியிடம் சொன்னேன். பஸ் ஓட்டி ஓட்டி அவருக்கு எல்லாமே பின்னால் போய்விடுகிற சமாசாரம்.

“நீ என்ன பாட்டு எழுதுனியா, மெட்டுப் போட்டியா, பாடுனியா? தொடச்சு வச்ச. அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?”

“நீங்ககூட பஸ் செய்யல. ஓட்டத்தான செய்றீங்க. இன்னொருத்தன் வந்து நான்தான் ஓட்டுனேன்னு சம்பளம் வாங்குனா சும்மா இருப்பீங்களா?”

“சம்பளமா? ஒனக்கு யாரு குடுக்குறா சம்பளம்?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இரவுக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜனவரி 10, சனி

கடைக்குச் சொக்கலிங்கம் சார் வந்தார். பையன்கள் பள்ளித் தமிழாசிரியர். சொந்தமாக இலக்கணக் கைடு ஒன்று போட்டிருக்கிறார். அதை என் கடையில் முழுசாக ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகள் பைண்டு பண்ணிக்கொண்டு போகிறார்களாம்.

“ரெண்டு வருஷம் ஒக்காந்து எழுதுனதும்மா. நீங்க பட்டனத் தட்டுனா வந்துருது. அட்டையில என் பேரையாவது சேத்து எடுக்கலாம்ல? அதையும் விட்டுட்டு உள்பக்கத்த மட்டும் எடுக்குறீங்க.”

“அட்டைக்கு ஒரு பக்கம் கூடச் செலவாவும்னு பிள்ளைங்க வேணாங்குது சார். படிப்பு எல்லாருக்கும் பொதுதான? ஏழைப் பிள்ளைங்க படிச்சிட்டுப் போவட்டுமே” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

காலை நேரத்தில் இந்த மாதிரி ஆட்கள் வந்தால் வியாபாரம் கெடும். வேதமூர்த்தியின் வீடியோ பத்தாயிரம் பேரைத் தாண்டிவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. நானும்.

ஜனவரி 21, புதன்

கடவுள் இருக்கிறார். அம்சவேணி அம்மாளும் இருக்கிறார்!

போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உறையூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம், எண்பது வயதுக்கு மேல். திருச்சியில் ஒரு சபா பிப்ரவரி 15 ஞாயிறு மாலை விழா வைக்கிறது. அம்மாளுக்குச் சால்வை. மறந்த பாட்டை மீட்டுக் கொடுத்த வேதமூர்த்திக்கு ‘இசைத்தட்டுச் செம்மல்’ பட்டம். மேடையிலேயே அந்தப் பாட்டைத் தட்டிலிருந்து ஒலிக்க விடப்போகிறாராம், பாடியவர் முன்னாலேயே.

மீட்டுக் கொடுத்தாராம். யாரிடமிருந்து மீட்டார்? என்னிடமிருந்தா?

போகிறேன். எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கிறேன். இரண்டு ‘டப்’பையும் போட்டுக் காட்டுகிறேன். செம்மல் அங்கேயே சிறுத்துப் போக வேண்டும். அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

ஜனவரி 25, ஞாயிறு

யோசித்தால் ஒரு ஓட்டை தெரிகிறது. ‘என் தட்டிலும் அங்கே கீறல் இருக்கிறது’ என்று அவன் சொல்லிவிட்டால்? நல்ல தட்டு ஒன்று வேண்டும். நல்ல தட்டில் இரண்டாவது சரணத்தில் ‘டப்’ இருக்காது. அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வாயைத் திறக்க முடியாது.

லால்குடி அந்தோணி சித்தப்பா ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் போட்டி மைக்செட். திருவிழாவில் இரண்டு பேரும் எதிரெதிரே குழாய் கட்டிக்கொண்டு ஒருத்தர் காதை ஒருத்தர் கிழிப்பார்கள், முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவார்கள். தட்டு வாங்கத் திருச்சிக்கு ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். அப்பா வாங்கியது எல்லாம் அவரிடமும் இருக்கும். போன் போட்டேன். “வா பாப்பா, தூசி தட்டி வைக்கிறேன்” என்றார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

லால்குடி போய் வந்தேன்.

சித்தப்பா தட்டுகளைப் பழைய சர்ச் பெஞ்சுக்கு அடியில் நிற்க வைத்திருக்கிறார். காசு வைக்காத ஊசி. தட்டு புதுசு போலப் பளபளக்கிறது. நான் கொண்டுபோன ஒயரை மாட்டிப் பதிவு செய்தேன். முதல் சரணத்தில் ‘டப்’ இல்லை. இரண்டாவது சரணம் வந்தது. சித்தி டீ கொண்டு வந்து வைத்தார்.

டீ ஆறிப்போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பிப்ரவரி 2, திங்கள்

கடையில் கூட்டம். டோனர் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் மாறிவிடப் போகிறதா?

அது அதே வரி இல்லை.

முதல் சரணத்தில் அவள், ‘ஆடி போனது ஆவணி போனது, அவன் மட்டும் வரவில்லை’ என்று அழுகிறாள். இரண்டாவது சரணத்தில் அழவில்லை. ‘ஆளே வந்தாலும் தேரே வந்தாலும், கதவு திறப்பதில்லை.’ அம்சவேணியின் குரல் அங்கே உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. சும்மா சொல்லிவிட்டுப் போகிறது.

பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்ததெல்லாம் ஊசி தாவுகிற தட்டு. மெட்டு அதே மாதிரி என்பதால் வரியும் அதேதான் என்று நினைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கல்யாண மேடைகளில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் என் பதிவைக் கேட்டு ‘வரவில்லை, வரவில்லை’ என்று இரண்டு தரம் அழுது முடிக்கிறார்கள். டிவி போட்டியில் ஒரு பெண் அப்படிப் பாடிப் பரிசே வாங்கினாள். நான்கூடப் பெருமைப்பட்டுக் குழுவில் போட்டேன்.

எழுந்து நின்று ‘டப்’பைக் காட்டினால் வேதமூர்த்தி திருடன் என்பது நிச்சயமாகும். கூடவே, ‘எதுவும் சேர்க்கவில்லை’ என்ற ஊசிமுனையின் யோக்கியதையும் சந்தி சிரிக்கும். என் பெயரோடு சுற்றுகிற அத்தனை பதிவையும் சந்தேகப்படுவார்கள். பட வேண்டியதுதான் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தை யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பூரி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. நான் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

அவன்தான் என் பெயரைத் துடைத்துவிட்டானே! ‘சொந்தத் தட்டு’ என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பாடியவர் முன்னாலேயே போடப்போகிறான். பாடியவருக்குத் தெரியாதா தான் பாடியது? ‘இது என்னய்யா, நான் இப்படிப் பாடலையே’ என்று மைக்கில் சொல்லுவார். அந்த நிமிடம் செம்மலின் முகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். ஒட்டுப் போட்டது யார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. எடுத்தவன் பொறுப்பு.

பூரி எல்லாம் புஸ்ஸென்று உப்பி வந்தது. அருணகிரி ஏழு தின்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

அந்தோணி சித்தப்பா போன் செய்தார். விழா நோட்டீஸை அவர் மருமகன் காட்டியிருக்கிறான்.

“பாப்பா, அந்தாளுகிட்ட சொல்லிட்டியா வரி தப்புன்னு?”

“இல்ல சித்தப்பா.”

“சொல்லிருமா. இந்த வயசுல அந்தம்மாவக் கூட்டியாந்து ஒக்கார வச்சு, மேடையில தப்பாப் போட்டா மனசு கஷ்டப்படாதா? என் தட்ட வேணா எடுத்துட்டுப் போ. யாரு பேரு வேணாலும் போட்டுக்கங்க, எனக்கு ஒண்ணுமில்ல.”

சரி என்றேன். வேதமூர்த்தியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சித்தப்பாவும் அப்பாவும் நல்லவர்களாக இருந்தே நாசமாய்ப் போனவர்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அரக்குச் சேலை கட்டியிருக்கிறேன். அருணகிரி, “யாருக்குக் கல்யாணம்?” என்கிறார். கருமாதி என்றேன். மூன்று மணி பஸ்.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். மேடையில் பெரிய திரை, பூ அலங்காரம், நடுவில் ஒரு ரெக்கார்டு பிளேயர். அம்சவேணி அம்மாளைப் பேத்தி கைபிடித்துக் கூட்டி வந்தாள். குள்ளமாக, வெள்ளைத் தலையாக, பெரிய மூக்குத்தியோடு. நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலை மேலே போட்டுக்கொண்டார். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

வேதமூர்த்தி பட்டு வேட்டியில் வந்து அரை மணி பேசினார். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் தேடி அலைந்து இந்தத் தட்டைக் கண்டெடுத்தாராம். பிறகு பயபக்தியோடு பிளேயரில் ஊசியை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றியது பெரிய தட்டு. இந்தப் பாட்டு வந்தது சின்னத் தட்டில். ஊசியை வைத்த பிறகு பக்கத்திலிருந்த லேப்டாப்பை ஒரு ஆள் தட்டினான், பாட்டு அதிலிருந்து வந்தது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பாவி, திருடியதைக்கூட உருப்படியாகப் போடத் தெரியவில்லை.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது சரணம் வந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ‘ஆடி போனது ஆவணி போனது...’ டப். விரல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். மைக்கை வாங்கினார்.

“நான் இப்படி முடிக்கலியே, தம்பி.”

வா, வா என்று என் உடம்பெல்லாம் சொன்னது.

வேதமூர்த்தி ஒரு நொடிகூட அசரவில்லை. குனிந்து, அம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்துச் சிரித்தார். “வயசாயிடுச்சும்மா, மறந்திருப்பீங்க. நாம மறப்போம், தட்டு மறக்காது.”

மண்டபமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்த மாதிரி. கைதட்டினார்கள். அம்மாள் எல்லார் முகத்தையும் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். அந்தப் பெண்ணும், “ஆமா ஆச்சி, ரெக்கார்டுல இருக்கே” என்றாள். அம்மாளின் உதடு அசைந்தது. உள்ளுக்குள்ளே அந்த வரியைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

“அப்படியா... நான்தான் மறந்துட்டேன் போல” என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டயத்தை எடுத்து வந்தார்கள். வேதமூர்த்தி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருடனுக்குச் செம்மல் பட்டம், பாடினவளுக்கு மறதிப் பட்டம். இதற்கா அரக்குச் சேலை கட்டி வந்தேன்? என் திட்டத்தில் அவன் ஒருத்தன்தானே விழ வேண்டும்? அவன் நிற்கிறான், அந்தம்மா விழுந்துவிட்டார்.

எழுந்துவிட்டேன்.

“தட்டு மறக்கும்யா! அது என் தட்டு! மறந்த எடத்துல ஒட்டுப் போட்டது நான்தான்!”

எல்லாரும் திரும்பினார்கள். தணிகாசலம் ஓடி வந்து உட்காரச் சொன்னார். “நான்தான் ஊசிமுனை” என்றேன். அவர் என் சேலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேடை ஏறிவிட்டேன். லேப்டாப் ஆளிடம் இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னேன். அவன் பயத்தில் போட்டான். டப். டப். காசு வைத்தது, உழுதது, வெட்டி ஒட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். “இவர்ட்ட தட்டே இல்ல. அங்க சுத்திக்கிட்டிருக்கறது வேற தட்டு. அந்தம்மா எதையும் மறக்கல.”

போனில் லால்குடித் தட்டின் பதிவு இருந்தது. அதைப் போட வேண்டியதே வரவில்லை. அம்சவேணி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமல் பாடினார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வரி உடையவில்லை.

‘ஆளே வந்தாலும் தேரே வந்தாலும், கதவு திறப்பதில்லை.’

வேதமூர்த்தி, “குழுவுல வந்துச்சு... கலைச் சேவைதானே...” என்று முனகினார். இப்போது ‘தேனருவி’ என்று முனகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் போனேன், பார்த்தேன். நினைத்த அளவு இனிக்கவில்லை. ஆனாலும் இனித்தது. பொய் சொல்வானேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “அஞ்சு வருஷமா பொய்யான பாட்டக் குடுத்துட்டு, அந்தாளத் திருடங்கிறீங்களே, வெக்கமா இல்லியா மேடம்?” அதற்கும் கைதட்டினார்கள்.

அம்மாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

“ரெண்டு பேரும் என் பாட்டுக்கு அடிச்சுக்கிறீங்க. உறையூர்ல எங்க வீட்டுக் கதவ ஒருத்தராவது தட்டுனீங்களாடி?”

சால்வையை மடித்து நாற்காலியிலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வேதமூர்த்தியையும். ஒரே நாளில், ஒரே கையால்.

இரவுக்கு அருணகிரி அடுப்பில் ஏறினார். அவரே ரசம் வைத்தார். உப்பு கொஞ்சம் கூடுதல்.

எழுந்து நின்றது அவனைப் பழிவாங்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

சொக்கலிங்கம் சார் கைடை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். மெஷின் ரிப்பேர் என்றேன். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

உறையூர் போனேன். கதவைத் தட்டினேன்.

அம்மாளே திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் உள்ளே போய்ப் பாயை எடுத்துப் போட்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லால்குடித் தட்டின் பதிவைப் போட்டுக் காட்டினேன். சரியான வரியோடு மறுபடி வெளியிடலாமா, வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்து நீவினார்.

“அந்தப் பாட்ட எடுக்கறன்னிக்குப் படம் எடுக்குறவன் வந்து ஒக்காந்துட்டான். பொம்பள இப்படிக் கதவு தெறக்க மாட்டேன்னு முடிக்கக் கூடாது, மொத வரியவே திருப்பிப் பாடி அழுதுட்டுப் போன்னான். எழுதுனவரு பேசாம நின்னாரு. மெட்டுப் போட்டவரு என்னப் பாத்தாரு. எழுதியிருக்கறதத்தான் பாடுவேன்னு பாடிட்டேன். ரெண்டாவது தரம் எடுக்க நேரமில்ல, அப்படியே தட்டாப் போச்சு. திமிரு புடிச்சவளுன்னு பேராச்சு. அதுக்கப்புறம் யாரும் கூப்புடல.”

என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு அவன் கேட்டதுக்கு நான் மாட்டேன்னேன். அத நீ செஞ்சு குடுத்துட்ட.”

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். தெரிந்த பிறகு செய்தது எனக்குத்தான் தெரியும்.

அம்மாளே கேட்டார். “ஒட்டத் தெரியும்ல ஒனக்கு?”

“தெரியும்மா.”

“அந்தப் போன எடு. அந்த வரிய இப்பப் பாடித் தாரேன். அத அங்க ஒட்டு.”

“எதுக்கும்மா? லால்குடித் தட்டுல உங்க அந்தக் காலத்துக் குரலே சுத்தமா இருக்கே?”

“அது அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பாடுனது. இது எனக்கு.”

தண்ணீர் குடித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். தெருவில் கீரைக்காரி கத்திக்கொண்டு போவது முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பாடினார். நான்கு தரம் பாடினார். நான்காவதை வைத்துக்கொள் என்றார்.

பிப்ரவரி 25, புதன்

ஒட்டி முடித்தேன். ‘தையல் தெரியட்டும்’ என்று அம்மாள் சொல்லிவிட்டதால் எதையும் மழுப்பவில்லை. இருபத்தைந்து வயதுக் குரல் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று எண்பது வயதுக் குரல் வருகிறது. அந்த வரியில் மட்டும் வாத்தியம் கிடையாது. கேட்கிறவர்கள் தூக்கிவாரிப் போட்டு நிமிர்வார்கள்.

யூடியூபில் வெளியிட்டேன். கீழே எழுதியது: ‘ஒரு வரி சேர்க்கப்பட்டது. சேர்த்தவர் எஸ். கே. அம்சவேணி.’ என் பெயரைப் போடவில்லை. போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்பதால்தான்.

மார்ச் 3, செவ்வாய்

ஏச்சுக்குக் குறைவே இல்லை. ‘நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்.’ ‘நடுவில் யார் இந்தக் கிழவி?’ ‘பழையபடி அழுகிறதுதான் நன்றாக இருந்தது.’ அந்தக் கடைசி ஆளின் வீட்டு விலாசம் கிடைத்தால் தேவலை.

மார்ச் 10, செவ்வாய்

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ‘கானக்குயில்’ என்று ஏதோ ஒரு புதுச் சேனல் அதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறது. ‘அபூர்வ இசைத்தட்டு, எனது சொந்தச் சேகரிப்பிலிருந்து.’ அம்சவேணி பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. எண்பது வயதுக் குரல் எந்தத் தட்டில் வருமடா, முட்டாளே? காதில் போட்டுக் கேட்காமலேயே திருடியிருக்கிறான்.

கொதித்துப்போய் உறையூருக்குப் போன் போட்டேன். புகார் கொடுக்கலாம் அம்மா, எடுக்க வைத்துவிடலாம் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இருமல் வந்து சிரிப்பு நின்றது.

“விடுடி. திருடட்டும். திருடுன வீட்டுலயெல்லாம் நான் போயிக் கதவச் சாத்துறேன்.”

மார்ச் 14, சனி

காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எதிர் டீக்கடையில் பாட்டு ஓடியது, கானக்குயிலிலிருந்துதான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் அந்தக் குரல் வந்ததும் மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், “யாருய்யா அது நடுவுல?” என்று கேட்டார். மாஸ்டருக்குத் தெரியவில்லை.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவர்களிடம் அம்மாளின் பெயரைச் சொன்னேன்.